போட்டோக்காரருக்கு ஒரு சித்தப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஸ்டூடியோவின் கதவைக் காலை ஏழு மணிக்கு முன்னால் யாராவது தட்டினால், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவராக இருக்காது என்று எனக்குத் தெரியும். வந்தவர் கையில் துண்டில் சுற்றிய ஒரு கல்யாண ஆல்பம் இருக்கும். மெல்லப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டுவார். "அப்பா நேற்று ராத்திரி தவறிவிட்டார். இந்த முகத்தை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா?" கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஒன்று, மாலை போட்டு வைக்க ஒன்று. நான் குனிந்து பார்ப்பேன். பந்தியில் பரிமாறுகிறவரின் முழங்கைக்குப் பின்னால் அப்பா பாதி முகமாக இருப்பார். இல்லையென்றால் பதினெட்டு பேர் நெருக்கி நிற்கும் குரூப் போட்டோவில் கடைசி ஆளாக, கண்ணை மூடிக்கொண்டு. அதே ஆல்பத்தில் மணமக்கள் அறுபது பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கல்யாணத்துக்குப் போட்டோக்காரரை எப்படித் தேர்ந்தெடுப்பது, படமெடுக்க வீட்டார் எப்படித் தயாராவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். அழகுக் குறிப்புகளை எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த விடியற்காலைக் கதவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

போட்டோக்காரரிடம் போனதும் அவர் ஓர் ஆல்பத்தை எடுத்து நீட்டுவார், அல்லது கைபேசியில் படங்களைத் தள்ளிக் காட்டுவார். எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும். முப்பது கல்யாணத்திலிருந்து முப்பது நல்ல படத்தைப் பொறுக்கி எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கல்யாணத்தை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பெண் தலை பின்னிக்கொள்வதிலிருந்து மதியம் கடைசிப் பந்தி வரை. ஓமப் புகைக்கு நடுவே முகங்கள் தெளிவாக இருக்கின்றனவா, பெரியவர்கள் எத்தனை பேர் தனியாகப் பதிவாகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், உங்கள் வீட்டு நிறத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைக் கேளுங்கள். கறுத்த முகத்தையும் பளீரென்ற வெள்ளை வேட்டியையும் ஒரே படத்தில் இரண்டும் கெடாமல் எடுக்கத் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர். தெரியாதவர் கணினியில் உட்கார்ந்து எல்லோரையும் வெளுப்பார். "கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம் என்று ஒரு பெண்ணை அவளுடைய பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கூச்சப்படாதீர்கள். "எங்கள் கல்யாணத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரப்போவது யார்?" நல்ல வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஊரில் எல்லா மண்டபமும் நிரம்பியிருக்கும். ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிய கடை, இரண்டுக்கு வெளி ஆட்களைத்தான் அனுப்பும். வெளி ஆள் என்றால் மோசம் என்று சொல்லவில்லை. நானும் பல வருடம் வெளி ஆளாகப் போனவன்தான். ஆனால் நீங்கள் பார்த்து மயங்கிய படங்களை எடுத்தவர் வேறு, வருகிறவர் வேறு என்றால், வருகிறவருடைய படங்களைத்தானே பார்க்க வேண்டும்?

எங்கள் தொழிலில் இப்போது இரண்டு வார்த்தைகள் புழங்குகின்றன. ட்ரெடிஷனல், கேண்டிட். மேடையில் நின்று வருகிற குடும்பத்தை எல்லாம் வரிசையாக எடுப்பவர் முதல் வகை. நீங்கள் அறியாத நேரத்தில் உங்கள் சிரிப்பையும் அழுகையையும் பிடிப்பவர் இரண்டாவது வகை. இரண்டாமவருக்குத்தான் மவுசு, கூலியும் அதிகம். செலவைக் குறைக்கும்போது முதலாமவர் தலையில் கைவைப்பார்கள். நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வேன். இருபது வருடம் கழித்து நீங்கள் தேடப்போகும் முகங்கள் அந்த மேடைக்காரரிடம்தான் இருக்கும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1994 தை மாதம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பென்டாக்ஸ் கே 1000 ஃபிலிம் கேமரா. ஒரு ரோலுக்கு 36 படம், ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல் என்று கணக்கு வைத்திருந்த காலம். இரண்டாவது ரோலை அவசரமாக மாட்டினேன். காப்புக் கட்டியதை எடுத்தேன், மாலை மாற்றியதை எடுத்தேன். புரோகிதர் விரலை உயர்த்தினார், கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது, நாத்தனார் முடிச்சுப் போட்டார். எல்லாவற்றையும் எடுத்தேன். முப்பத்தாறுக்குப் பிறகும் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் தடையில்லாமல் நகர்ந்தது. அப்போதுதான் இடப்பக்கத்துக் குமிழைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அது கொஞ்சம் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லை. ஃபிலிமின் நுனி உள்ளே மாட்டாமலேயே இருந்திருக்கிறது.

மாப்பிள்ளையிடம் போய், தாலியை ஒரு தடவை கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றேன். பெண்ணின் பாட்டி எழுந்து வந்தார். "தாலி கட்டுவது ஒரு தடவைதான் தம்பி" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் கிடையாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் மனசு ஆற வெகுநாள் ஆனது.

அன்றிலிருந்து இரண்டு கேமரா இல்லாமல் நான் முகூர்த்தத்துக்குப் போனதில்லை. இன்றைய கேமராக்களில் ஒரே படம் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவாகும் வசதி இருக்கிறது. உங்கள் போட்டோக்காரருடைய கேமராவில் அது உண்டா, அன்று இரவே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைப்பாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் யோசியுங்கள்.

காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம், ஆல்பத்தில் எத்தனை தாள். தாள் என்பது வேறு, பக்கம் என்பது வேறு. 40 தாள் என்றால் 80 பக்கம். இதில் வருகிற சண்டைக்கு அளவே இல்லை. ஆல்பம் தாமதமாகிறது என்ற புகாரில் எங்கள் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலாயிரம் படத்தைக் கொடுத்து, இருநூறு தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்றால் எட்டு மாதம் கழித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆல்பம் வாங்க வரும்போது இடுப்பில் குழந்தை இருக்கும். படத்தின் உரிமை பற்றி ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் மகளின் படத்தை விளம்பரத்துக்குப் போட வேண்டுமானால் போட்டோக்காரர்தான் உங்களைக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடும் தாளில் சின்ன எழுத்தில் இதற்கு மாறாக ஏதாவது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் படமெடுக்க அனுமதி உண்டா என்பதையும் முன்பே அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களில் கைபேசிக்கே தடை விதிக்கச் சொல்லியிருக்கிறது.

மணமக்களைத் தனியாக எடுக்கும் படங்களுக்கு வருகிறேன். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை என்றால், ஒப்பனை ஐந்து மணிக்கு முடிந்துவிடும் என்பார்கள். ஐந்தே முக்காலுக்குப் புரோகிதர் "பெண்ணை அழைத்து வாருங்கள்" என்று குரல் கொடுக்கும்போது ஒரு காதில் ஜிமிக்கி இன்னும் ஏறியிருக்காது. எனக்கென்று ஒதுக்கிய இருபது நிமிடம் அதில் கரைந்துபோகும். முகூர்த்தம் முடிந்த பிறகு எடுக்கலாமே என்பீர்கள். அப்போது மணி பத்து. வெயில் தலைக்கு மேலே வந்துவிடும், கண்குழியில் நிழல் விழும். பெண் விடியற்காலையிலிருந்து ஒரு வாய் காபியோடு உட்கார்ந்திருப்பாள், முகத்தில் அந்தக் களைப்பு தெரியும். முந்தைய நாள் மாலையில் வரவேற்பு வைத்திருந்தால் ஐந்து மணிக்குத் தயாராகிவிடுங்கள். ஆறு மணி வரை கிடைக்கும் வெளிச்சத்துக்கு எந்த விளக்கும் ஈடாகாது. அதற்காக மலைக்கும் கடலுக்கும் போக வேண்டியதில்லை. வெயில் நேராக விழாத, ஆனால் வானம் தெரிகிற இடம் போதும். மண்டபத்து வாசல் திண்ணையோ, மாடிப்படி திரும்பும் இடமோ, பழைய வீடென்றால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமோ. மாலையைப் போடுவதற்கு முன்னால் சில படங்களை எடுத்துவிடுவது நல்லது. இப்போது வருகிற ரோஜா மாலைகளின் பருமனில் பெண்ணின் நெற்றிச்சுட்டி மட்டும்தான் வெளியே தெரிகிறது.

மருதாணியை இரண்டு நாள் முன்னால் வைத்தால் அன்றைக்கு நன்றாகச் சிவந்திருக்கும். மாப்பிள்ளை முடிவெட்டிக்கொள்வதை ஒரு வாரம் முன்பே முடித்துக்கொள்ளலாம். துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் களிம்பைப் பூசிக்கொண்டால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் விபூதி அப்பியதுபோல வரும். ஒப்பனைக்காரரிடம் சொல்லிவைக்கலாம். வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி வேண்டாம். மேடையில் ஊதா விளக்குப் போடும் அலங்காரக்காரரிடம் முகத்தில் மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கு விழட்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மணமக்கள் நாவல்பழம் தின்றவர்களைப் போல இருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே வெளியூர் போய்ப் படமெடுக்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள். 2020 நவம்பரில் கர்நாடகத்தில் தலக்காட்டுப் பக்கம், இதே காவிரியில், பரிசலில் ஏறிப் படமெடுக்கப் போன, கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி மூழ்கி இறந்துபோனது. முக்கொம்பிலோ கொள்ளிடத்திலோ இறங்கி நில்லுங்கள் என்று சொல்லும் போட்டோக்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

தயாரிப்பு என்று நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. எனக்கு ஒரு சித்தப்பா வேண்டும்.

ஆயிரம் பேர் வரும் மண்டபத்தில் யார் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பட்டுச்சட்டையும் சங்கிலியுமாக முன்வரிசையில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். கசங்கிய வேட்டியோடு செருப்புக் கழற்றும் இடத்தில் நிற்பவர்தான் மாப்பிள்ளையைப் படிக்கவைத்த பெரியப்பா. இரு வீட்டாரும் ஆளுக்கு ஒருவரை என்னோடு அனுப்ப வேண்டும். சடங்கில் வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். தாய்மாமன் உதவமாட்டார், சீர் கொண்டுவந்து மேடையிலேயே நின்றுவிடுவார். யாரோடு யார் பேசுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரர்களைத் தோளோடு தோள் நிற்கச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. மூன்று பேராக நின்று படமெடுக்கக் கூடாது என்று சில பாட்டிகள் பதறுவார்கள். அதற்குத் தோதாக ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதும் சித்தப்பாவின் வேலைதான். குரூப் போட்டோவை வயதில் மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். நண்பர்கள் ராத்திரி பத்து மணிக்கும் நிற்பார்கள். தாத்தாவுக்கு எட்டரைக்கு மாத்திரை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி ஒரு சித்தப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மண்டபத்தின் பின்பக்கம், சாமான் அறையை ஒட்டி ஒரு மர நாற்காலி. அதில் பெண்ணின் அப்பாயி. தாத்தா போன பிறகு அவர் எந்தக் கல்யாண மேடையிலும் ஏறியதில்லை. யாரும் ஏறச் சொன்னதும் இல்லை. அந்த வழக்கத்தை என்னால் மாற்ற முடியாது. ஆனால் அப்படிப் பின்னால் உட்கார்ந்துவிடுகிற பெண்கள் நம் ஊரில் எந்த ஆல்பத்திலும் இருப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சித்தப்பா பெண்ணிடம் போய் என்ன சொன்னாரோ, அலங்காரம் முடிந்து மணமேடைக்குப் போகும் வழியில் அவள் திரும்பிச் சாமான் அறைப்பக்கம் வந்துவிட்டாள். கூறைப்புடவை தரையில் புரள அப்பாயியின் காலைத் தொட்டாள். கிழவி இரண்டு கையாலும் பேத்தியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் மட்டும்தான். ஏழு படம் எடுத்தேன். புரோகிதர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

போன வருடம் அந்த வீட்டிலிருந்து விடியற்காலையில் வந்தார்கள். ஆல்பத்தைத் துண்டிலிருந்து பிரிப்பதற்கு முன்பே எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆடி பிறக்கப்போகிறது. அந்த ஒரு மாதம் எங்களுக்கு வேலை இல்லை, நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊர்ப் போட்டோக்காரரை இந்த நாட்களில் போய்ப் பாருங்கள். போகும்போது அந்தச் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் போக வேண்டாம், கடை பூட்டியிருக்கும். வீட்டில் கூழ் காய்ச்சிக்கொண்டிருப்போம்.

வணக்கம்.