25 ஏக்கருக்கு ஒரு வீடு

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நம் மேரிலாந்து மாநிலத்து மான்ட்கமரி கவுண்டியில், ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் பக்கம் குடியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கம்தான். வீட்டிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் கார் ஓட்டினால் போதும், கடைத்தெருக்கள் சட்டென்று நின்றுவிடும். சோளக்காடு, சோயா, குதிரை லாயம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகிய சாலை என்று வேறு ஓர் ஊருக்குள் வந்துவிடுவோம். வாஷிங்டனுக்கு இவ்வளவு கிட்டத்தில் இது எப்படித் தப்பியது? நிலத்துக்காரர்கள் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அது இல்லை. மான்ட்கமரி கவுண்டி 1980இல் ஒரு முடிவெடுத்தது. அதனால்தான் அந்த வயல் இன்னும் வயலாக இருக்கிறது.

அதற்கு முன்னால் நடந்த தவறைச் சொன்னால்தான் இந்த முடிவு விளங்கும். 1970களில் அந்தப் பகுதியைக் காப்பாற்ற ஒரு விதி போட்டார்கள்: ஒரு வீட்டுக்குக் குறைந்தது 5 ஏக்கர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 ஏக்கர் என்பது வசதியானவர் வாங்கிப் பெரிய வீடு கட்டுகிற மனை. அதை நம்பி ஒரு குடும்பம் விவசாயம் செய்ய முடியாது. நூறு ஏக்கர் பண்ணை இருபது மனையாகும். நடுவில் மாட்டிக்கொண்ட பக்கத்துப் பண்ணைக்காரர் எரு போட்டால் நாற்றம் என்று புகார், ராத்திரியில் அறுவடை இயந்திரம் ஓட்டினால் சத்தம் என்று புகார். நிலத்தின் விலை ஏறிவிடும், பிள்ளைகளால் வாங்க முடியாது. தீவனக் கடையும் டிராக்டர் பழுதுபார்ப்பவரும் மாட்டு வைத்தியரும் ஒவ்வொருவராக வேறிடம் போய்விடுவார்கள். பச்சை மிச்சமிருக்கும், பண்ணை இருக்காது.

ராய்ஸ் ஹான்சன் அப்போது கவுண்டியின் திட்டக்குழுத் தலைவர். அவர் காலத்தில் உருவான திட்டம், கவுண்டியின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, 93,000 ஏக்கரை, விவசாயத்துக்கென்று ஒதுக்கியது. 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம். சரி, நிலத்துக்காரரின் நிலைமை? அவருடைய நூறு ஏக்கர் நேற்றுவரை இருபது வீட்டுக்கான நிலம், இன்று நாலு வீட்டுக்கான நிலம். அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பே அந்த மண்தான். அதைக் கையெழுத்துப் போட்டுக் குறைத்துவிட்டு "ஊரின் அழகுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரிடம் சொல்வது நியாயமா?

அதனால் வீடு கட்டும் உரிமையை மண்ணிலிருந்து பிரித்து, விற்கக்கூடிய பொருளாக்கினார்கள். நூறு ஏக்கருக்குப் பழைய கணக்குப்படி 20 உரிமை. நாலு வீட்டுக்கு நாலை வைத்துக்கொண்டு மீதி 16ஐ அவர் விற்கலாம். வாங்குபவர் வீடு கட்டி விற்கும் பில்டர். கவுண்டி குறித்துக் கொடுத்த வேறு இடத்தில், வழக்கமான அளவைவிடக் கூடுதலாக வீடு கட்ட அது அவருக்குத் தேவை. முதலில் அப்படிக் குறிக்கப்பட்ட இடம் ஆல்னி. பிறகு கிளார்க்ஸ்பர்க்கும் சேர்ந்தது. விற்ற உரிமை நிலப் பத்திரத்தில் பதிவாகிவிடும், அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டும். இப்படி 50,000 ஏக்கருக்கு மேல் பதிவாகியிருக்கிறது.

நான் இன்று பேச வந்ததற்கே காரணம் இதுதான். சுவரோடு சுவர் ஒட்டிய நம் டவுன்ஹவுஸைப் பார்த்து, இவ்வளவு நெருக்கமாகக் கட்டிவிட்டார்களே என்று அலுத்துக்கொள்கிறோம். கிளார்க்ஸ்பர்க்கில் அப்படி நெருங்கி நிற்கிற சில வீடுகள், அங்கே ஒரு வயலில் எழும்பாமல் போன வீடுகள். அந்த வயலும் இந்த வீட்டு வரிசையும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள். அதை வெள்ளைக்கார விவசாயிகளின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவைக்க முடியாது. குடிக்கிற தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வயல்களின் ஓடைகள் போய்ச் சேருவது பொட்டோமாக் ஆற்றில்.

கட்டும் உரிமையைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்வது கழிவுநீர்க் குழாய். அதை விவசாயத்துக்கு ஒதுக்கிய பகுதிக்குள் நீட்டுவதில்லை என்பது கவுண்டியின் கொள்கை. செப்டிக் டேங்க் வைக்கத்தான் வேண்டும். மண் தண்ணீரை உறிஞ்சாவிட்டால் அனுமதி கிடைக்காது. குழாய் எங்கே போகிறதோ அங்கேதான் நகரம் போகும்.

நிலத்தைப் பூட்டினால் வீட்டு விலை ஏறாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏறும், மற்ற இடத்தில் போதிய வீடு கட்டாவிட்டால். இதே கவுண்டி 1974இலேயே, பெரிய குடியிருப்பு கட்டுகிறவர்கள் ஒரு பங்கு வீடுகளை மிதமான வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. வயலைக் காக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வரக்கூடாது என்று மனுப் போடுகிறவர்களை எனக்கு ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. அதே விவசாயப் பகுதியில், பூல்ஸ்வில் பக்கத்தில், ஷுகர்லேண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1871இல் சொந்தமாக நிலம் வாங்கி உருவாக்கியது. அவர்களுடைய தேவாலயம் இன்றும் நிற்கிறது. கிராமத்தன்மை என்று நாம் சொல்லும்போது இதுவும் அதற்குள் இருக்க வேண்டும்.

அப்புறம், இதில் ஒரு பலவீனம் உண்டு. விற்றது வீடு கட்டும் உரிமை மட்டும்தான். பெரிய கட்டடம், தொழிற்கூடம், சூரிய ஒளி மின் பண்ணை ஆகியவற்றை அது தடுக்காது. எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிதான் தடுக்க வேண்டும். விதியைக் கவுண்டி கவுன்சில் ஓட்டுப்போட்டு மாற்றலாம். 2021இல் சூரிய ஒளிப் பண்ணைகளுக்குக் கட்டுப்பாட்டோடு இடம் கொடுத்தது அப்படித்தான். அந்த முடிவில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நல்ல மண்ணில் அவை வரக்கூடாது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

இப்படி விதியை மாற்றுவதற்கு முன் கவுன்சில் நடத்தும் பொது விசாரணையில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். உச்சரிப்பு, இலக்கணம் பற்றியெல்லாம் தயங்க வேண்டாம். அடுத்த விசாரணைக்கு நான் பெயர் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.