சேற்றில் புதையும் வீரனை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது?

வணக்கம் மக்களே! ஒரு கதாநாயகன் கோடிக்கரைக்கு வருகிறான். வந்த வேகத்தில் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் புதைகிறான். வயலில் இறுகிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இழுப்பதுபோல, அதே பெண்தான் அவனை வெளியே இழுத்துப் போடுகிறாள். ஆள் வேறு யாருமில்லை, 'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவன். இந்த ஆளைத்தான் அம்மம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். ஏன்?

[திரையில்: குதிரையில் வந்தியத்தேவன்]

பின்னணி சுருக்கமாக. கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. வந்தியத்தேவன் நிஜமாகவே இருந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சோழ இளவரசி குந்தவையை அவருடைய தேவி என்கிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் கல்கியின் கைவரிசை. போதும்.

ஆளுக்கு வாணர் குலப் பெருமை உண்டு, ஆள நாடு இல்லை. இடுப்பில் ஓலை, வாய் நிறையப் பொய். நடுக்கடலில் துடுப்பு பூங்குழலி கையில், அதுதான் சேற்றிலிருந்து இழுத்துப் போட்ட அதே பெண். ஈழத்துக்கு அனுப்புவது குந்தவை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசும்போது பெண்ணிடம் கடைசியாகத்தான் கேட்பார்கள், அதுவும் கேட்டால். நாவலில் குந்தவை வேலையைக் கொடுத்து ஆளை அளந்து பார்க்கிறாள். வாசிக்கிற பெண்ணுக்கு அந்த அதிகாரம் எவ்வளவு இனித்திருக்கும், சொல்லுங்கள்!

வன்னி வாசகர்களுக்கு இன்னொரு கொழுப்பும் உண்டு. சோழ சேனாதிபதியைச் சந்திக்க வந்தியத்தேவன் வருவது மாதோட்டத்துக்கு. எங்கள் திருக்கேதீச்சரம் இருக்கிற இடம்! அங்கிருந்து ஒற்றன் ஆழ்வார்க்கடியானோடு காட்டுவழிப் பயணம். மன்னார் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, "இந்தக் காட்டுக்குள்ளாலதான் ஆள் போயிருப்பார்" என்று நினைக்காதவர்கள் கையைத் தூக்குங்கள்.

இன்னொரு சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனின் ரசிகர்கள் சண்டைக்கு வருவீர்கள். அவருடைய 'கடல் புறா' நாயகன் இளையபல்லவன் சூரன்தான், சரி. ஆனால் ஆசிரியர் நாயகியை வர்ணித்து முடிப்பதற்குள் எதிரிப்படை சாப்பிட்டுப் படுத்து எழும்பிவிடும்.

[திரையில்: வவுனியா, பண்டாரவன்னியன் சிலை]

இப்போது என் ஆதங்கம். 1803 ஓகஸ்டில் வெள்ளைக்காரனிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் எங்களிடம் இருக்கிறார். அதே வருடம் ஒக்டோபர் 31 அன்று அவர் தோற்றதைக் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் கல்லில் வெட்டி வைத்தான். நாங்கள் சிலை வைத்தோம், மேடையில் ஏற்றி முழங்க வைத்தோம். பக்கத்தில் கதைகளில் வரும் அவருடைய காதலி குருவிச்சி நாச்சியாரையும் நிறுத்தினோம். ஆனால் மனிதருக்கு ஒரு தடவையாவது நாக்குக் குழற விட்டோமா? தடுமாறாதவரைக் கும்பிடலாம், காதலிப்பது கஷ்டம். ஒட்டுசுட்டான் காட்டில் வழி மாறி, நாச்சியாரிடம் ஏச்சு வாங்குகிற பண்டாரவன்னியனை யாராவது எழுதுங்களேன். ஐந்து பாகம் என்றாலும் நான் வாங்குவேன்.

சரி, நீங்கள் வந்தியத்தேவன் கட்சியா, இளையபல்லவன் கட்சியா? கீழே கொமெண்டில் போடுங்கள். இளவரசர் அருள்மொழிவர்மன் கட்சி என்று எழுதுபவர்கள் வீட்டில் சொல்வழி கேட்கிற பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.