நாகூரில் நேர்ந்தது, சூலியா வீதியில் தீர்ந்தது

வணக்கம் நேயர்களே. என் பாட்டி 1949-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார். தாத்தா அப்போது பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கப்பலேறும் முதல் நாள் பாட்டி நாகூர் தர்காவுக்குப் போய், "ஆண்டவரே, கைப்பிள்ளையோட போறேன், பத்திரமா கரை சேத்துடுங்க" என்று வேண்டிக்கொண்டாராம். வந்து சேர்ந்த அதே வாரம், இங்கே பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில், சூலியா வீதியில் இருக்கும் நாகூர் தர்காவுக்குப் பூவும் சர்க்கரையும் கொண்டுபோய் நேர்த்திக்கடனைத் தீர்த்தார். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் கடல் என்று வந்துவிட்டால் பாட்டிக்கு நாகூர் ஆண்டவர்தான்.

நாகூர் ஆண்டவர் எனப்படும் சாகுல் ஹமீது நாயகம் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். ஜார்ஜ்டவுனில் இருப்பது அவர் நினைவாக எழுப்பிய தர்கா, அடக்கம் கிடையாது. 1800-களின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் கட்டியது. கடல் கடந்த பயத்தையும் நன்றியையும் வைக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நூற்று நாற்பது வருடம் கழித்து என் பாட்டிக்கும் அதே இடம் உதவியது.

மலேசியத் தமிழர்களான நம்மை 'ரப்பரோடு வந்தவர்கள்' என்று சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பால்மரம் வெட்டியவர்கள் பட்ட பாடு சாதாரணமல்ல. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லையே! 1025-இல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, வந்தது. அது வணிகர்கள் அதற்கு முன்பே பழகியிருந்த கடல்வழி. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இந்தப் பினாங்குத் தீவில் இறங்கியபோது, எதிரே கெடாவில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஏற்கெனவே கடை போட்டிருந்தார்கள். 1801-இல் இங்கே ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. அப்போது இங்கே ரப்பர் தோட்டமே கிடையாது.

பாட்டி இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தார், இரண்டும் கப்பலில்தான். ராஜுலா 1970-களில் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் சென்னைக்குப் போகும் வழியில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது. பாட்டி விமானத்தில் ஏற மறுத்துவிட்டார். தங்கைக்குக் கடிதம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை) ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்து, "பெத்தி லாமா" என்றார். பழைய பெட்டி. எங்கள் தமிழ்ச் சொல் 'கடை' அவருக்குக் 'கெடாய்', 'கப்பல்' அவருக்குக் 'காப்பல்'. பாட்டிக்கு மலாய் அவ்வளவாக வராது. ஆனால் அன்று மாக்சிக் சொன்னதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த சேலையை அவரிடம் எடுத்துக் காட்டினார்.