வளைவில எந்த இடத்தில?

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிற ஆக்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்கு ஒரு வானொலி உரையா எண்டு நீங்க சிரிக்கிறது எனக்கு இங்க இருந்தே விளங்குது. ஆனா சொல்லப்போற விஷயம் உங்கட வீட்டு டொயோட்டா விட்ஸுக்கும் பொருந்தும். ஸ்போர்ட்ஸ் கார்ல பிழை உடன தெரியும், வீட்டுக் கார்ல தெரியிறதுக்குள்ள ஒரு செட் டயர் தேய்ஞ்சிரும், அவ்வளவுதான்.

கராஜுக்கு வாற ஆள் முதல்ல சொல்றது, "அண்ணன், கார் ஒழுங்கா திரும்புதில்ல, அலைன்மென்ட் ஒண்டு பாத்து விடுங்க" எண்டு. நான் அந்தச் சில்லுக் கோணம் அளக்கிற மெஷின் பக்கமே போக மாட்டன். வளைவில எந்த இடத்தில எண்டு கேப்பன். உள்ளுக்குப் போகேக்கயா, நடுவிலயா, வெளிய வரேக்கயா? அந்த நேரம் கால் எதில இருந்தது, பிரேக்கிலயா, அக்சிலரேட்டர்லயா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது, திரும்பப் போய் ஓடிப் பாத்திட்டு வாங்க எண்டு அனுப்பிடுவன், சில பேருக்குக் கோவமும் வரும்.

ஏன் இப்பிடித் தொணதொணக்கிறன் எண்டா, பிரேக் பிடிச்சா காரின்ர பாரம் முன்னுக்கு வரும், பின் டயருக்குப் பிடி குறையும். அக்சிலரேட்டரை மிதிச்சா பாரம் பின்னுக்குப் போகும். வளைவின்ர நடுவில கார் ஒரு பக்கம் சாய்ஞ்ச படி ஓடும். அப்ப நடுவில மட்டும் முன்பக்கம் திரும்பாம வெளியால போகுது எண்டா, அதைத்தான் அண்டர்ஸ்டியர் எண்டுறது, ஸ்பிரிங், கார் சரியிறதைக் குறைக்கிற அன்டி ரோல் பார், கேம்பர் எண்டுற சில்லு உள்ளுக்கோ வெளியாலயோ சரியிற கோணம், இதுகளைப் பாக்கலாம். உள்ளுக்குப் போகேக்க மட்டும் பின்பக்கம் வழுக்குது எண்டா, அது ஓவர்ஸ்டியர், தேடுற இடமே வேற. இடம் தெரியாம ஸ்பனரை எடுக்கப்படாது.

ஸ்பனருக்கும் முதல் டயர் காத்து. பழைய மஸ்டா எம்எக்ஸ் 5 ஸ்போர்ட்ஸ் கார், 1989ல வந்த முதல் மொடல், அதுக்குக் கொம்பனி சொல்றது நாலு டயருக்கும் 26 பிஎஸ்ஐ. நம்மட ஆக்கள் பெற்றோல் செட்டில 35 அடிச்சுக்கொண்டு வருவாங்க, எல்லாக் காருக்கும் அதுதானே எண்டு. அவ்வளவு காத்தில டயரின்ர நடுப்பகுதிதான் ரோட்டைப் பிடிக்கும். காத்தைக் காலமை, கார் ஓட முதல் பாருங்க. சூடு ஒரு அஞ்சு ஆறு பாகை கூடினா 1 பிஎஸ்ஐ கூடும், நம்மட ஊர் மத்தியான வெயில்ல நிண்ட டயரை அளந்து பிரயோசனமில்ல.

இப்ப இந்த எம்எக்ஸ் 5 கதையைச் சொல்லியே ஆகோணும். உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர். கந்தளாயில இருந்து வரேக்க, மழை ஈரத்தில, வளைவுக்குள்ள அக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் டக்கெண்டு வெளியால வருது. வேற இடத்தில அலைன்மென்ட் பாத்த தாளையும் கொண்டு வந்தார், எல்லாம் பச்சை, ஒரு பிழையும் இல்ல. அவர் "எந்த இடத்தில" எண்டு வடிவாச் சொன்னதாலதான் எனக்கு வேலை சுகமாப் போச்சு. காலை எடுத்த உடன எண்டா, பாரம் முன்னுக்குப் போற நேரம், எஞ்சின் பின் சில்லைப் பிடிச்சு இழுக்கிற நேரம். ஜக்கில தூக்கிப் பின் சில்லின்ர ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு ஆட்டினா சின்ன ஆட்டம். சில்லைக் காரோட பிணைக்கிற கீழ் ஆமுக்கு இரும்புக் கம்பியைக் குடுத்து மெல்ல நெம்பினா, அந்த ஆம் பூட்டியிருக்கிற உள்பக்கப் புஷ் ரப்பர் பிளந்து வாயைத் திறக்குது. நிக்கிற காரில டோ சரி, மெஷின் பொய் சொல்லேல்ல. ஓடுற காரில, கால் எடுத்த உடன அந்தச் சில்லு டோ அவுட் ஆகுது.

டோ எண்டா, படம் காட்ட ஏலாது, உங்கட ரெண்டு காலையும் பாருங்க. பெருவிரல் ரெண்டும் உள்ளுக்குப் பாத்தா டோ இன், வெளியால பாத்தா டோ அவுட். பின் சில்லு கொஞ்சம் டோ இன்னில இருந்தாத்தான் கார் நேரா, அமைதியா ஓடும். பின்னுக்கு டோ அவுட் வந்தா நீங்க கேக்காமலே பின்பக்கம் திரும்பப் பாக்கும்.

அந்தப் புஷ்ஷை மாத்தப் போனா, டோவும் கேம்பரும் சரி பண்ணுற எக்சென்ட்ரிக் போல்ட் இருக்கே, அது புஷ்ஷுக்கு உள்ளுக்க இருக்கிற இரும்புக் குழாயோட துருவேறி ஒண்டாப் போச்சு. கடற்கரை ஊர், உப்புக் காத்து. நட்டுக் கழண்டிட்டுது, போல்ட் அசையேல்ல, எண்ணெய் அடிச்சு ராவோட ராவா விட்டு, கடைசியில வாளால அறுத்துத்தான் எடுத்தது. 2020ல வாகன இறக்குமதி நிண்ட பிறகு பழைய கார்களை வைச்சே ஓட்டின நாடு இது, அப்ப இந்தப் போல்ட்டைக் கழட்டேக்க எல்லாம் கொஞ்சம் கிறீஸ் பூசிப் பூட்டுங்க, பிறகு வாற மெக்கானிக் உங்களை வாழ்த்துவான்.

புஷ் மாத்தி, பின் டோவைச் சரியா வைச்சாப் பிறகு அந்தத் தம்பி அதே வளைவில ஓடிப் பாத்திட்டுத்தான் காசு தந்தார், அதுதான் சரியான வாடிக்கையாளர்.

அப்ப வேலை செய்யிற ஒழுங்கை ஒருக்காச் சொல்றன். காத்து, டயர், ஆட்டம், புஷ். பிறகு கார் உயரம், பிறகு காஸ்டர், அதாவது முன் சில்லு திரும்புற அச்சு பின்னுக்குச் சாயிற கோணம், அதுக்குப் பிறகு கேம்பர், கடைசியா டோ. கேம்பரை மாத்தினா டோவும் மாறும், அதால டோவை முதல் வைச்சா ரெண்டு தரம் வேலை. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்க, கொப்பியில எழுதுங்க. வடிவுக்காக ஸ்பிரிங் வெட்டிக் காரைத் தாழ்த்துற தம்பிமாரே, குழியில விழேக்க ஸ்டியரிங் தானாத் திரும்புதெண்டு என்னட்ட வராதீங்க, ஸ்டியரிங்கையும் சில்லையும் பிணைக்கிற டை ரொட்டின்ர கோணம் மாறினா அது அப்பிடித்தான்.

தங்கச்சி கண்ணாடிக்கு அங்கால இருந்து கையைக் காட்டுறா. அன்டி ரோல் பார் பற்றி எவ்வளவோ வைச்சிருந்தனான், சரி, முன் பாரைத் தடிப்பாக்கினா அண்டர்ஸ்டியர் கூடும், பின் பாரைத் தடிப்பாக்கினா பின்பக்கம் லேசா வழுக்கப் பாக்கும், இவ்வளவு போதும். காஸ்டர், ரெண்டு பக்கமும் ஒரே அளவா எண்டு பாருங்க, குறைஞ்ச பக்கத்துக்குத்தான் கார் இழுக்கும். ஷொக் அப்சோபர் பற்றிச் சொல்ல நேரமில்ல. வணக்கம்.