கொலுசுக் கணக்கு

வணக்கம். ஏற்காடு மலையேறும் வழியில் சில வீட்டு வாசல்களில் ஒரு தொட்டிச் செடி பார்த்திருப்பீர்கள். இலை மேலே பச்சை, அடியில் ஊதா, கீழே படகு மாதிரி மடல், அதற்குள் குட்டி வெள்ளைப் பூ. ரோயோ என்று பெயர். கல்லூரியில் பாடம் எடுத்த காலம் முழுக்க இதன் மேல் எனக்கு ஒரு பைத்தியம். மகரந்தப்பையை நசுக்கி ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல மகரந்தம் சிவந்து குண்டாக இருக்கும், பக்கத்திலேயே வெளிறிச் சுருங்கிய பதர் நிறையக் கிடக்கும். செடியோ தளதளவென்று நிற்கும்!

ஏன் அப்படி? நம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை வைத்தே சொல்கிறேன். வீட்டில் இரண்டு ஜோடி, ஒன்று முத்து, ஒன்று சலங்கை. பட்டறையில் பற்றவைக்கும்போது ஒரு முத்துக் கொலுசின் நுனியும் ஒரு சலங்கைக் கொலுசின் நுனியும் இடம் மாறிவிட்டன. மற்ற இரண்டும் பழையபடி. தராசில் வைத்தால் வெள்ளி ஒரு கிராம்கூடக் குறையாது. செல்லுக்குள் ஜோடி ஜோடியாக இருந்து பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். அதில் துண்டு இடம் மாறின செடியும் பெரும்பாலும் இப்படித்தான், சரக்கு எல்லாம் உள்ளேயே இருப்பதால் நன்றாக வளரும்.

வம்பு பாகம் பிரிக்கும்போதுதான். இரண்டு மகள்கள், ஆளுக்கு ஒரு முத்து, ஒரு சலங்கை. ஒருத்திக்கு மாறாத இரண்டும் இன்னொருத்திக்கு மாறின இரண்டும் போனால் பிரச்சினை இல்லை, எல்லாத் துண்டும் இருவருக்கும் வந்துவிடும். கலந்து போனால்? ஒருத்திக்கு முத்து நுனி இரண்டு, சலங்கை நுனி கிடையாது, மற்றவளுக்கு நேர் எதிர். மகரந்தம் உருவாகும்போதும் ஜோடிகள் இப்படித்தான் பாகம் பிரியும், கலந்து போனதை அது தாங்காது. ஏறக்குறைய பாதி இப்படிப் பாழாகும். வெள்ளி குறையவில்லை, பாகம்தான் கெட்டது, அதை மறக்காதீர்கள். ரோயோவில் இந்த மாற்றம் பல தடவை நடந்து, 12 குரோமோசோமும் கைகோத்து ஒரே வட்டமாக நிற்கும்.

மக்காச்சோளத்தில் இந்த இடமாற்றத்தை 1930-இல் அமெரிக்க மரபியல் அறிஞர் பார்பரா மெக்ளின்டாக் நுண்ணோக்கியில் காட்டினார். ஆத்தூர்ப் பக்கம் கதிர் உரிக்கிறவர்களுக்கு ஒன்று: மணி பிடிக்காததற்கு வெயில், தண்ணீர் என்று காரணம் ஆயிரம். ஆனால் ஒரே வயலில் ஒரு செடியில் மட்டும் கதிர் முழுக்கச் சிதறலாகப் பாதி மணி காணோம் என்றால் என் சந்தேகம் குரோமோசோம் மேல்தான் போகும்.

துண்டு தலைகீழாகத் திரும்பினால், தொலைந்தே போனால் என்று இன்னும் இரண்டு கதை வைத்திருந்தேன். தொலைந்தால் வளர்ச்சியே குன்றும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன், பேச்சு நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அப்புறம், அந்த ஊதாச் செடிக்கு விதையை நம்பி உட்கார வேண்டாம், பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள். வணக்கம்.