இலையை மடிக்கும் பக்கம்

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உலக நாடுகளின் அன்றாடப் பழக்கவழக்கங்களை ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தலைப்பு பெரிசு, நேரம் சிறிசு. அதனால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: 'போதும்'. விருந்துக்குப் போன இடத்தில் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புவார்களா? சொல்லுகிற உரிமை சாப்பிடுகிறவருக்கா, விளம்புகிறவருக்கா, அதாவது பரிமாறுகிறவருக்கா? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரி மாவட்டம் நம்முடையது. ஒரே பந்தியில் ஒருவர் 'போதும்' என்பார், பக்கத்தில் இருக்கிற விளவங்கோட்டுக்காரர் மலையாளத்தில் 'மதி' என்பார். விளம்புகிறவர் இரண்டையும் காதில் வாங்கமாட்டார்.

அங்கிருந்தே தொடங்குவோம். வாழையிலையை நுனி இடப்பக்கம் வர விரிக்கிறோம். குறுகின நுனிப் பக்கம் உப்பு, ஊறுகாய், இஞ்சி, உப்பேரி, சர்க்கரை வரட்டி. மேல் பாதியில் பச்சடி, கிச்சடி, அவியல், எரிசேரி, துவரன். நடுநரம்புக்குக் கீழே, நமக்குப் பக்கத்துப் பாதியில் சோறு. இலையின் சின்ன நரம்புகள் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகின்றன. இலை கிழிந்தால் அந்த வாக்கில்தான் கிழியும், ரசம் ஓடினாலும் அந்த வாக்கில்தான் ஓடும், நேரே மடிக்கு. அதனால்தான் சோற்றை இரண்டாகப் பகுத்து, நடுவில் குழி எடுத்து, விளிம்புப் பக்கம் கரை கொஞ்சம் உயரமாக வைத்துக்கொண்டு ரசத்துக்குக் கை காட்டுகிறார்கள். குழி எடுக்காமல் கை காட்டினால் வேட்டிக்குச் சலவைச் செலவு.

பந்தியில் 'போதும்' என்பது வாய்ச்சொல் அல்ல, கைச்சைகை. கரண்டி வாளியிலிருந்து ஏறும்போதே வலக்கையை இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் விரித்துக் குறுக்கே காட்ட வேண்டும். கரண்டி சரிந்த பிறகு காட்டினால் சாம்பார் கையில் விழும். அப்படியே காட்டினாலும் முதல் 'போதும்' கணக்கில் வராது. அதை விளம்புகிறவர் மரியாதைக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். அரைக் கரண்டியாவது விழும். அவர் உண்மையிலேயே நம்புகிற 'போதும்' ஒன்றே ஒன்று, இலையை மடிப்பது. நடுநரம்பு கீல் மாதிரி இருக்கிறது. மேல் பாதியைத் தூக்கி நம் பக்கமாகக் கவிழ்த்தால் காரியம் முடிந்தது. அதற்கு மேல் விளம்ப இடமே கிடையாது. மோர் வருமுன் அவசரப்பட்டு மடித்துவிட்டு, போளியும் பாயசமும் வருவதைப் பார்த்து முழிக்கிறவர்கள் எல்லாப் பந்தியிலும் இரண்டு பேராவது உண்டு.

இந்த ஏற்பாடு பெரிய கூட்டத்துக்காக உருவானது. பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை மாடியும் கீழுமாக இரண்டாயிரம் பேர் வரை உட்கார்ந்து சாப்பிடக்கூடியது என்பார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பரணிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று விசாரிக்க முடியாது. இலை பேச வேண்டும், அது பேசுகிறது.

இனி வளைகுடாவுக்குப் போவோம். நம்மூரில் ஒருவராவது அங்கே போய்வராத தெரு அபூர்வம். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரபுக் காப்பி, அவர்கள் சொல்வதுபடி 'கஹ்வா', 2015-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் நாலும் சேர்ந்து பதிவு செய்தன. கொட்டையை லேசாகத்தான் வறுப்பார்கள், அதனால் நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. ஏலக்காய் உண்டு, சில வீடுகளில் குங்குமப்பூவும் உண்டு. சர்க்கரை கிடையாது, இனிப்புக்குப் பேரீச்சம்பழம் தனியாக வரும். ஊற்றுகிறவர் 'தல்லா' என்ற மூக்கு நீண்ட கூஜாவை இடக்கையில் பிடித்திருப்பார், வலக்கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள், 'ஃபின்ஜான்'. முதலில் முக்கிய விருந்தாளிக்கு, அல்லது வயதில் மூத்தவருக்கு. கிண்ணத்தில் கால் பங்குதான் ஊற்றுவார். இரண்டு மூன்று மடக்கு, அவ்வளவுதான்.

இதைப் பார்த்து நம்மவர்கள் மனசுக்குள் 'கஞ்சப்பயல்' என்று சொல்லிக்கொள்வதுண்டு. நமக்கு டம்ளர் நுரை ததும்ப வந்தால்தான் உபசாரம். அங்கே நிறைத்து ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். கால் பங்கு ஊற்றினால் 'இரு, மறுபடியும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். கிண்ணத்துக்குப் பிடி இல்லை, காப்பி கொதிக்கிறது. நிறைத்தால் விரல் சுடும் என்ற நடைமுறைக் காரணமும் இருக்கிறது.

இங்கேதான் புதிதாகப் போனவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார். நீட்டுவதுதான் 'இன்னும் வேண்டும்'. ஐந்தாவது கிண்ணம் வரைக்கும் போய், ராத்திரி தூக்கம் கெட்டு, 'இவங்க விடமாட்டேங்கறாங்க' என்று புலம்புவார்கள். விடமாட்டார்கள்தான். போதுமென்றால் கிண்ணத்தை வலக்கையில் பிடித்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியுமாக இரண்டு மூன்று தடவை லேசாக ஆட்டிவிட்டு நீட்ட வேண்டும். வாய் திறக்க வேண்டியதில்லை. பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்களின் மரபில் கிண்ணங்களுக்குப் பேர் உண்டு. ஹைஃப், வீட்டுக்காரர் தாமே முதலில் குடித்து, பயமில்லை என்று காட்டுவது. தைஃப், விருந்தாளிக்கானது. கைஃப், இன்பத்துக்கு. சைஃப், வாள், அதைக் குடித்தவன் சண்டை வந்தால் வீட்டுக்காரன் பக்கம் நிற்க வேண்டும். ஒன்றாவது குடி, மூன்றைத் தாண்டாதே என்பது பொது வழக்கு. இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. வாங்கின கிண்ணத்தைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டால் 'ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன், நிறைவேற்றினால்தான் குடிப்பேன்' என்று பழைய வழக்கில் பொருள். சூடு ஆறட்டும் என்று அப்பாவியாகக் கீழே வைக்கிறவருக்கு இது தெரியாது.

எத்தியோப்பியாவில் எண்ணிக்கை தலைகீழ். அங்கே மூன்று சுற்றுக்கு முன் எழுந்திருப்பதுதான் குற்றம். தரையில் பச்சைப் புல் பரப்பி, பச்சைக் கொட்டையை விருந்தாளியின் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை முகத்துக்கு நேரே காட்டி, இடித்து, 'ஜெபெனா' என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் காய்ச்சுகிறார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா, அதாவது ஆசி. அதே தூளில் மேலும் மேலும் தண்ணீர் சேர்ப்பதால் சுற்றுக்குச் சுற்று காப்பி இளகிக்கொண்டே வரும். அவசர வேலை இருக்கிறவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

துருக்கியில் கட்டன் சாயா மாதிரிப் பாலில்லாத் தேநீர், இடுப்பு ஒடுங்கின கண்ணாடிக் கிளாஸில் வரும். கிளாஸ் காலியாகக் காலியாக நிரம்பிக்கொண்டே இருக்கும். சின்னக் கரண்டியைக் கிளாஸின் வாய்க்குக் குறுக்கே படுக்க வைத்தால் நிறுத்திவிடுவார்கள். சீனத்தின் குவாங்டோங் பகுதியிலும் ஹாங்காங்கிலும் தேநீர்ப் பானையின் மூடியை அரைகுறையாகத் திறந்து வைத்தால் சுடுநீர் கொண்டுவருவார்கள். மூடியிருந்தால் வேண்டாம் என்று பொருள். ஒருவர் நமக்கு ஊற்றும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் இரண்டு மூன்று தட்டு தட்டுவது அங்கே நன்றி. சியான்லுங் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது பணியாளுக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் வேடம் கலைந்துவிடும் என்று பணியாள் விரல்களை முழங்காலாக்கி மண்டியிட்டானாம். கதைதான், ஆனால் விரலைப் பார்த்தால் மண்டியிடுகிற மாதிரியேதான் இருக்கும். அங்கேயும் தேநீரை நிறைக்கக் கூடாது. பத்தில் ஏழு பங்குதான். மதுவை மட்டும் நிறைக்கலாம்.

தட்டைக் காலி செய்வதா, மிச்சம் வைப்பதா? சீன வழக்கில் விருந்தாளி எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு, உணவு பற்றவில்லை என்று ஆகிவிடும். கொஞ்சம் மிஞ்ச வேண்டும். இந்த மரியாதையால் வீணாகிற உணவு அளவுகடந்து போய், 2021 ஏப்ரலில் உணவு வீணாவதைத் தடுக்க ஒரு சட்டமே போட்டார்கள். பக்கத்து நாடான ஜப்பானில் கிண்ணத்தில் ஒரு பருக்கை விடக் கூடாது. கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிட வேண்டும். அடுத்த நாடான கொரியாவில் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கவே கூடாது. மேசையில் வைத்து, சோற்றைக் கரண்டியால்தான் எடுக்க வேண்டும், அதுவும் பெரியவர் கரண்டியைத் தொட்ட பிறகு. மது ஊற்றுவதிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஜப்பானில் பாதி குறைந்ததுமே பக்கத்தில் இருப்பவர் நிரப்புவார். வேண்டாதவர் கிளாஸை நிறைவாகவே விட்டுவைக்க வேண்டும், காலி செய்தால் மாட்டினார். கொரியாவில் முழுக்கக் காலியாகும் முன் ஊற்ற மாட்டார்கள். மூவரும் குச்சியில் சாப்பிடுகிறவர்கள் என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம், அது பெரிய பிசகு.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. 'இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்கும்போது 'டாங்க' என்று மட்டும் சொன்னால் 'வேண்டாம்' என்று அர்த்தம். டாங்க என்றால் நன்றிதானே என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நீட்டிய பாத்திரம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேண்டுமென்றால் 'யா, கெர்ன' என்று சொல்ல வேண்டும். அங்கே இரண்டாம் தடவை கேட்கும் வழக்கம் குறைவு. 'இப்பதான் குடிச்சேன்' என்று நாம் இங்கே சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. அங்கே அப்படியே நம்பிவிடுவார்கள். அது அன்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சொல்லை உங்கள் சொல்லாக மதிக்கிறார்கள், அவ்வளவே. தட்டில் கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில், கடிகாரத்தில் நாலு இருபதுக்கு முள் நிற்கிற வாக்கில் கிடந்தால் முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஒன்றையொன்று வெட்டிக் கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறார். அவர்களின் இலை மடிப்பு அது.

ஈரான் நம்மைவிட ஒரு படி மேல். அங்கே 'தாரோஃப்' என்று ஒரு முறை உண்டு. வேண்டாம் என்று மறுப்பது, அவர்கள் மறுபடி வற்புறுத்துவது, மறுபடி மறுப்பது. மூன்றாம் தடவைதான் பதில் உண்மையான பதில். வீட்டில் மட்டுமல்ல, கடையிலும் இது நடக்கும். விலை கேட்டால் கடைக்காரர் 'காபெல் நதாரே' என்பார், உங்களுக்கு முன்னால் இது ஒரு பொருட்டா என்று. சரி, இலவசம் என்று பொருளை எடுத்துக்கொண்டு நடந்தால் பின்னாலேயே ஆள் வரும். இரண்டு தடவை வற்புறுத்திப் பணத்தை நீட்ட வேண்டும். அவர் மூன்றாவது தடவை விலையைச் சொல்வார், வாங்கிக்கொள்வார். நம் வீட்டு விருந்தில் நடப்பதும் இதே ஆட்டம்தான், ஆனால் வடசேரி சந்தையில் நடக்காது.

வாயைத் திறக்காமல் தலையாட்டித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்', மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை'. கிரேக்கத்திலும் துருக்கியிலும் தாடையை மேல்நோக்கி ஒரு தூக்கு, நாக்கால் ஒரு 'ச்ச்', அது 'வேண்டாம்'. நாம் பல்கேரியப் பந்தியில் உட்கார்ந்து 'போதும் போதும்' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்ட ஆட்ட, தட்டு நிறைந்துகொண்டே போகும்.

போதும் என்ற பிறகு எழுந்து கிளம்ப வேண்டும். நாம் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாறேன்' என்கிறோம். வெறும் 'போறேன்' வாயில் வந்தால் வீட்டுப் பாட்டி திருத்துவார். ஜப்பானியர் வீட்டை விட்டு இறங்கும்போது சொல்வது 'இத்தே கிமஸ்', எழுத்துக்கு எழுத்து 'போய் வருகிறேன்'. வீட்டில் இருப்பவர் 'இத்தேரஷ்ஷாய்' என்பார், 'போயிட்டு வாங்க'. கடல் தாண்டி இவ்வளவு தூரத்தில் இப்படியே இருப்பது ஆச்சரியம்தான். நேற்றிருந்தவர் இன்று இல்லை என்று தெரிந்த எந்த ஊரிலும் இப்படி ஒரு சொல் தேவைப்பட்டிருக்கும்.

ஜப்பானில் சாவுக்குரிய காரியங்களில் சாதாரண நாளின் முறையை வேண்டுமென்றே தலைகீழாக்குகிறார்கள். உயிரோடிருப்பவர் கிமோனோவின் இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கு மேலே வரச் சுற்றுவார். இறந்தவருக்கு வலம் மேலே. குளிக்க வெந்நீரில் தண்ணீர் கலப்பார்கள். உடலைக் கழுவ மட்டும் தண்ணீரில் வெந்நீரை ஊற்றுவார்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைப்பார்கள். சாப்பிடும்போது யாராவது அப்படிக் குத்தினால் மேசையே மௌனமாகிவிடும். தகனத்துக்குப் பிறகு எலும்பைக் குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றி எடுப்பதால், உணவை ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு வாங்குவதும் ஆகாது.

நம் பந்திக்கும் இதே போல ஒரு தலைகீழ் உண்டு. கல்யாணத்தில் நம் பக்கமாக மடிக்கிற இலையைச் சாவு வீட்டுச் சாப்பாட்டில் எதிர்ப்பக்கமாக, நம்மை விட்டு விலகி மடிக்கிறோம். நம் பக்கம் மடித்தால் இந்தச் சாப்பாடு திரும்ப வரட்டும் என்று ஆகிவிடும். அங்கே விளம்புகிறவரும் இரண்டாம் தடவை வற்புறுத்துவதில்லை, முதல் 'போதும்'-ஐயே நம்பிவிடுகிறார். கை கழுவி, செருப்பை மாட்டி, வீட்டுக்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கி நடக்கிறோம். அந்த ஒரு வாசலில் மட்டும் யாரும் 'வாறேன்' என்று சொல்வதில்லை.