நிற்கக் கற்ற சிவப்பு

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

ஆரத்தித் தட்டிலிருந்து தொடங்குகிறேன். மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் சிவந்துவிடும். வாசலில் கொட்டிய அந்தச் சிவப்பை மறுநாள் தேடுங்கள், இருக்காது. செடி தரும் நிறங்களில் பலவும் இப்படித்தான்: தண்ணீரில் கரையும், வெயிலில் போகும். ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்று ஆட்களைப் பற்றிக்கூடச் சொல்கிறோமே!

செடியின் சிவப்பை வெளுக்காமல் பிடித்து நிறுத்தியவர்கள் நம் சோழமண்டலக் கரைக்காரர்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிந்தாதிரிப்பேட்டையே 1734இல் நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அமைத்த பேட்டைதான்.

துணியில் சித்திரம் எழுதும் கலம்காரிக்காரர் சிவப்பை எப்படி எழுதுவார் தெரியுமா? சிவப்பால் எழுதமாட்டார்! முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார். பால் எதற்கு? எழுதும் கோடு பரவாமலிருக்க. பிறகு ‘கலம்’ என்ற மூங்கில் எழுதுகோலால் படிகார நீரைத் தொட்டு எழுதுவார். ஏறக்குறைய நிறமே இல்லாத நீர் அது. எழுதிய துணியைச் சிவப்புச் சாயம் தரும் சாயவேர்ச் செடியின் வேரோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டியது அலசி வெயிலில் போட்டால் போய்விடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நிறத்தை மனத்தில் வைத்து எழுதிய கை அது. எனக்கு இதைவிடப் பெரிய ஓவியப் பயிற்சி தெரியாது.

அதே படிகாரத்தைச் சாய நீரிலேயே கலந்து, சோடா உப்பு போன்ற காரப்பொருள் கொஞ்சம் சேர்த்தால் நிறம் வண்டலாகப் படியும். உலர்த்தி அரைத்துப் பிசினில் குழைத்தால் தூரிகைக்கு ஏற்ற வண்ணம். ஐரோப்பிய ஓவியர்கள் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்பு எடுத்ததும் இப்படித்தான். அவுரிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. நீலம் தானாகவே கரையாத பொருள், அரைத்தால் போதும்.

அப்புறம் 1868இல் ஜெர்மனியில் இருவர் சாயவேரிலும் அந்த ஐரோப்பிய வேரிலும் உள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. வேர் தோண்டியவர்களும் அவுரி பயிரிட்டவர்களும் பிழைப்பை இழந்தார்கள்.

பேச்சு போதும். இதோ கடுக்காயில் ஊறிய துணி. இந்தச் சட்டியில் துருப்பிடித்த ஆணிகளும் வெல்லமும் போட்டுப் பல வாரம் ஊறிய நீர். முன்வரிசைப் பாப்பா, இங்கே வாம்மா. இந்தக் குச்சியால் தொட்டு ஒரு கோடு இழு. பார்த்தீர்களா, இரும்பு நீர் கடுக்காயோடு சேர்ந்து கறுத்துவிட்டது!